மடிக்கணினியும் இடப் பஞ்சமும்

நம் நாட்டு வீடுகளிற் பரண் என்று ஒன்று உண்டு. அதன்கண் ஏற்றப்படும் பொருள்களுள் எதுவும் வேண்டாமென்று கருதி ஏற்றப்படுவதன்று. "என்றைக்காவது உதவும்" என்னும் ஒரு சொல்லே அதற்கு ஏணியாக நிற்கும். ஆண்டுகள் சில கழிந்தபின், பல்லொடிந்த அரிவாள்மணையும், ஓட்டைக் குடமும், பாட்டனார் காலத்துப் பித்தளை அண்டாவும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குண்டு, எது வேண்டுவது எது வேண்டாதது என்பது ஏறிப் பார்ப்பவர்க்கும் விளங்காத நிலை வந்துறும். இன்று நம் மாணவர் பலர் கையகத்தே விளங்கும் மடிக்கணினியும் அத்தகையதொரு பரணே. குறைந்த விலைக்கு வாங்கியதாயின் அப்பரண் மிகச் சிறியதுமாகும். அதில் இடம் ஒழிப்பது எங்ஙனம், ஒழித்தும் போதாதாயின் இடத்தைப் பெருக்குவது எங்ஙனம் என்பனவற்றை யாம் பட்டறிந்தவாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவார் உளராயின், அவர் சிறிது பொறுத்து மேலே படிப்பாராக.

எமது கணினி எம் தமக்கையார் தம் ஊதியத்திற் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து வாங்கித் தந்தது. அது வந்த பெட்டியின்மேல் "64 ஜி.பி." என்று அச்சிட்டிருந்தது. அறுபத்துநான்கு பேரெண் என்றே யாமும் மகிழ்ந்தோம். திறந்து பார்த்தபொழுதோ அது தன்னிடம் உள்ளது 58 சொச்சமே என்று காட்டியது. அதிலும் ஏறக்குறையப் பாதி முன்னரே நிரம்பியிருந்தது. கடைக்காரர் எம்மை வஞ்சித்தாரோ என்று ஐயுற்றோம். அவர்மீது குற்றமில்லை, குழப்பம் அளவையில் உள்ளது.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படித்தோர், நெல் அளந்த செய்தி வருமிடத்து இன்ன மரக்காலால் அளந்தது என்று மரக்காலின் பெயரும் உடன் வருதலைக் கண்டிருப்பர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் பயின்று வருகின்றது. பெயர் சுட்டாது விடின் பின்னர் வழக்கு நேரும் என்பதை அக்காலத்தார் நன்கறிவர். கணினி விற்பாரிடத்து இக்கவனம் இல்லை. பொருளைச் செய்து விற்பார் நூறு கோடி பைட் கொண்டதை ஒரு கிகாபைட் என்று அளப்பர். விண்டோஸ் அமைப்போ இரண்டை முப்பது முறை பெருக்கி வந்த 107 கோடியே 37 இலட்சத்துச் சொச்சம் பைட் கொண்டதையே ஒரு கிகாபைட் என்று காட்டும். எனவே, சிறு மரக்காலால் அளந்த 64, பெரு மரக்காலால் அளக்குங்கால் 59.6 ஆகின்றது. மீட்புக்கென மறைத்து வைக்கும் சிறு பகுதியைக் கழித்தால் யாம் கண்ட எண் வந்துவிடும். இவ்விரு மரக்கால்களையும் வேறுபடுத்தி வழங்கும்பொருட்டு 1998-இல் கிபிபைட், மெபிபைட் முதலிய புதுப்பெயர்கள் வகுக்கப்பட்டன. வகுத்து என்ன பயன்? கடைத்தெருவில் அவற்றை வழங்குவார் இலர்.

இனி, முன்னரே நிரம்பியிருந்தது யாது என்று பார்ப்பாம். 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, தனக்குக் குறைந்தது 64 கிகாபைட் சேமிப்பிடமும் 4 கிகாபைட் நினைவகமும் வேண்டுமென்று கேட்பது. கீழெல்லையாக விதித்த அளவையே முழுவளவாகக் கொண்டு செய்யப்பட்ட கணினி நெருக்கடியிலேயே பிறந்ததாம். அமைப்பு தனக்கென இருபது கிகாபைட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பின்வரும் புதுப்பிப்புகளுக்கென ஏறக்குறைய 7 கிகாபைட்டை ஒதுக்கியும் வைக்கும். கணினி உறங்குங்கால் நினைவகத்திலுள்ளதை எழுதி வைத்துக்கொள்ள, நினைவகத்தின் அளவில் நூற்றுக்கு நாற்பது பங்கு கொண்ட கோப்பு ஒன்றும் உண்டு. 4 கிகாபைட் நினைவகமுடைய கணினியில் அது 1.6 கிகாபைட் ஆகும். வீட்டுக்குடையவன் குடிபுகுமுன்னரே வேலையாட்கள் பாதி அறைகளைப் பிடித்துக்கொண்ட கதை இது.

மிஞ்சிய இடத்தை நிரப்பியவர் யாமே. ஆயினும் எதனால் நிரப்பினோம் என்பதை அளந்து பார்த்தபொழுது வியப்புற்றோம். தமிழெழுத்து கணினியில் யூனிகோடு முறையில் வைக்கப்படுகின்றது. பெருவழக்காகிய யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ஆங்கில எழுத்துக்கோ ஒன்றே போதும். 'கொ' என்னும் ஓரெழுத்து, ககரமும் ஒகரக் குறியுமாகிய இரண்டு சேர்ந்தது ஆதலின் ஆறு பைட் கொள்ளும். தமிழுக்கு மும்மடங்கு செலவா என்று யாமும் முதலில் மனம் புழுங்கினோம். ஆயினும் அச்செலவெல்லாம் செலவன்று. திருக்குறள் 1330 பாக்களும் வெறும் எழுத்தாக வைக்கப்பட்டால் கால் மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அந்நூலின் உரைப்பதிப்பு ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கோப்பாக்கினால் நூறு மெகாபைட்டையும் தாண்டுதல் எளிது. அஃதாவது நானூறு மடங்கு. கைப்பேசியில் உயர்ந்த தெளிவில் எடுத்த அசைபடமோ ஒரு நிமிடத்திற்கே நூறு மெகாபைட் அளவில் விழுங்கும். விடுதி நாள் விழாவில் யாம் எடுத்த ஐந்து நிமிட நாடகக் காட்சியொன்று இரண்டாயிரம் திருக்குறட் பிரதிகளுக்கு ஒப்பான இடத்தைக் கொண்டிருந்தது. அந்நாடகத்தில் யாமும் நடித்தோம். ஆயினும் அத்துணை இடத்துக்கு அது தகுதியுடையதன்று.

இரண்டு ஆண்டுகளாக யாம் எழுதிய கட்டுரைகள், வகுப்புக் குறிப்புகள், இலக்கண அட்டவணைகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் இருபது மெகாபைட்டை எட்டவில்லை. ஏனைய யாவும் பிறரிடமிருந்து வந்தவை. மீட்டும் எளிதிற் பெறத்தக்கவை. இடம் ஒழிப்பதன் முதற்படி இதுவே: எது பெரியது என்று கேட்குமுன், எது மீண்டும் கிடைக்கும், எது கிடையாது என்று கேட்டல். இதனை யாம் நூலிற் கற்றோமில்லை. கற்ற வகையை இனிச் சொல்லுவாம்.

சென்ற தை மாதத்தில், எம் துறையில் நாட்டுப்பாடல் தொகுக்கும் பணி எம்மிடம் தரப்பட்டது. யாம் எம் ஊர் சென்று, எம் ஆச்சியார் இளமையில் வயலிற் பாடிய நடவுப்பாட்டுக்களையும், இழவு வீட்டிற் பாடிய ஒப்பாரிகளையுமாகப் பதினொரு பாட்டுக்களைக் கைப்பேசியிற் பதிந்து வந்தோம். மொத்தம் ஐம்பது நிமிடம். கைப்பேசியும் நிறைந்திருந்தமையின் அவற்றைக் கம்பி வழியே கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியினின்று நீக்கினோம். கணினியில் எந்த உறையில் இட்டோமெனின், முன்னே தோன்றிய 'டவுன்லோட்ஸ்' என்னும் பதிவிறக்க உறையில். நாளை ஒழுங்குபடுத்தலாம் என்பது எண்ணம். மூன்று கிழமை கழித்து, கட்டுரை ஒப்படைக்கவேண்டிய நாளுக்கு முந்திய இரவில், இடம் போதவில்லை என்று கணினி எழுதும் கோப்பையும் சேமிக்க மறுத்தது. யாம் சேமிப்பிட அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'தற்காலிகக் கோப்புகள்' என்னும் பட்டியலைக் கண்டு, தற்காலிகம் தானே என்று அங்கிருந்த கட்டங்கள் அனைத்திலும் குறியிட்டு நீக்கினோம். பதிவிறக்க உறையும் அப்பட்டியலில் ஒரு வரியாக நிற்பதையும், அதன் கட்டம் முதலிற் குறியின்றியே இருந்ததையும், குறியிட்டவர் யாமே என்பதையும் மறுநாள்தான் உணர்ந்தோம்.

அவ்வரியில் நீங்கியவற்றுள் ஆச்சியாரின் பாட்டுக்கள் கொண்டிருந்த இடம் ஐம்பது மெகாபைட்டும் நிரம்பாது. அதே பட்டியலில், பழைய புதுப்பிப்புகளின் மிச்சம் மட்டும் பல கிகாபைட் இருந்தது. அதனை மட்டும் நீக்கியிருப்பினும் எம் தேவை நிறைவேறியிருக்கும்.

நீக்கியதை மீட்கலாகாதா எனின், ஈண்டுச் சேமிப்புக் கருவியின் இயல்பைச் சிறிது விளக்கல் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் காந்தத்தட்டு. அதில் ஒரு கோப்பை நீக்குதல், நூல்நிலையத்தின் அட்டவணையில் ஒரு வரியை அடித்துவிடுதல் போல்வது. நூல் அலமாரியிலேயே இருக்கும். அவ்விடத்தில் வேறொரு நூலை வைக்கும்வரை தேடி எடுக்கலாம். இக்காலத்துச் சிறு கணினிகளில் உள்ளது தட்டன்று. மின்னூட்டத்தை நுண்ணறைகளில் அடைத்து வைக்கும் 'ஃபிளாஷ்' வகைச் சில்லு. இவ்வறைகளுக்கு ஓர் இயல்பு உண்டு: எழுதியதன்மேல் எழுத முடியாது; முன்னர் அழித்தல் வேண்டும்; அழிப்பதும் ஓரெழுத்தாக இயலாது, பெருந்தொகுதியாகவே இயலும். ஒரு சொல்லைத் திருத்தப் பலகை முழுவதையும் துடைக்கவேண்டிய பள்ளிச்சிறுவன் நிலை அது. அவனுக்கு வேறொரு வெற்றுப் பலகை இருந்தால், வேண்டியவற்றை அதிற் பெயர்த்தெழுதிவிட்டு முன்னதைத் துடைப்பான். வெற்றுப் பலகை இல்லையாயின் திண்டாடுவான். நிறைந்த கணினி மெதுவாக நடப்பதற்கு ஒரு காரணம் இதுவே. ஆதலின் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இடத்தையேனும் எப்பொழுதும் வெறுமையாய் வைத்தல் நலம். இத்திண்டாட்டத்தைக் குறைக்க, நாம் ஒரு கோப்பை நீக்கியவுடன், "இவ்விடம் இனி வேண்டா" என்று அமைப்பு சில்லுக்கு அறிவித்துவிடும். சில்லும் ஓய்வு நேரத்தில் அதனைத் துடைத்துவிடும். எனவே இங்கு அட்டவணை வரி மட்டும் அன்று, நூலும் போய்விடும். கணினி பழுது பார்ப்பார் ஒருவர் எம்மிடம் கூலியும் வாங்காமல் இதனை விளக்கிச் சொன்னார்.

விடுமுறையில் மீண்டும் ஆச்சியாரிடம் சென்றோம். "அன்னைக்குத்தான் பாடிட்டேனே எய்யா, மறுபடி எதுக்கு?" என்றார். நடந்ததைச் சொன்னோம். சினந்தாரில்லை, அது அவ்வளவு பெரிய செய்தியாக அவர்க்குப் படவுமில்லை. ஏழு பாட்டு வந்தன. ஏனைய நான்கின் முதலடி மட்டும் வந்து நின்றது. அவற்றுள் ஒன்று, மடை தொடங்கிக் கடைவயல் ஈறாக எம் ஊர் வாய்க்காலின் இருபுறத்து வயல்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லும் நடவுப்பாட்டு. அவ்வயல்களுட் பல இன்று மனைகளாயின. அப்பெயர்களைச் சொல்வார் வேறொருவரையும் யாம் இதுவரை கண்டிலோம்.

இனி, அஞ்சாமல் நீக்கத்தக்கன எவை என்று கூறுவாம். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தமையின் நம்மிற் பலர் பதினொன்றுக்கு மாறினர். மாறுங்கால் பழைய அமைப்பு முழுவதும் 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் பெயரில் ஓர் உறையாய்க் கிடக்கும். பத்து நாள் கழித்துத் தானே நீங்கும். அதற்குள் இடம் வேண்டுவோர், பழமைக்குத் திரும்பும் எண்ணமில்லையாயின், தற்காலிகக் கோப்புகளின் பட்டியலில் அதனைத் தேர்ந்து நீக்கலாம். புதுப்பிப்புகளின் மிச்சங்களும் அவ்வாறே. குப்பைத்தொட்டியில் இட்ட கோப்பு இடத்தை விட்டு நீங்குவதில்லை. தொட்டியைக் காலி செய்தாலன்றி இடம் வாராது. உறக்கக் கோப்பை ஒரு வரிக் கட்டளையால் அகற்றலாம். ஆயின் கணினி விழித்தெழுவது சிறிது தாமதிக்கும். விண்டோஸ் உறையினுள் 'வின்-எஸ்-எக்ஸ்-எஸ்' என்று ஒன்று மிகப் பெரிதாய்த் தோன்றும். அதனைக் கையால் தொடலாகாது. ஒரே கோப்பு ஈரிடத்தில் எண்ணப்படுவதால் அது உள்ளதினும் பெரிதாய்த் தோன்றுகின்றது. அன்றியும் அதனைச் சிதைத்தால் அமைப்பே எழாது. இடத்தைத் தானே துப்புரவு செய்யும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்னும் ஏற்பாட்டைப் பயன்படுத்தலாம்; பதிவிறக்க உறையைப் பற்றிய வரியில் மட்டும் 'ஒருபோதும் வேண்டா' என்றிருத்தலை உறுதி செய்துகொள்க. விளையாட்டுக்கள், பயன்படுத்தாத செயலிகள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை; அவரவர் மனச்சான்றே போதும்.

ஒலிப்பதிவு வைத்திருப்போர்க்கு ஒரு சொல். குறுந்தகட்டுத் தரத்தில் சுருக்காமல் வைத்த ஒலி நிமிடத்திற்கு ஏறக்குறைய பத்தரை மெகாபைட் கொள்ளும். எம்.பி.3 முறையிற் சுருக்கினால் ஒரு மெகாபைட் அளவே ஆகும். ஆயின் அச்சுருக்கத்தில் ஒலியின் சில கூறுகள் நிலையாக நீங்கிவிடும். 'ஃபிளாக்' என்னும் முறை பாதியளவு சுருக்கினும் எதனையும் இழப்பதில்லை. கிழவியொருத்தியின் குரலைச் சுருக்கி மிச்சம் பிடிப்பதினும், நாடகக் காட்சி ஒன்றை நீக்குதல் சாலச் சிறந்தது.

பெருக்கும் வழிகளைப் பார்ப்பாம். விலை குறைந்த கணினிகளில் உள்ள 'இ.எம்.எம்.சி.' என்னும் சில்லு பலகையோடு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டது. அதனைக் கழற்றிப் பெரியதொன்றை மாட்டல் இயலாது. வாங்குமுன் இதனைக் கேட்டுக்கொள்வதே அறிவு. சிலவற்றில் 'எம்.2' என்னும் வெற்றுத்துளை ஒன்று உள்ளே இருக்கும். அதில் எஸ்.எஸ்.டி. மாட்டலாம், எனினும் அத்துளை 'சாட்டா' வகையா 'என்.வி.எம்.இ.' வகையா என்பதும், எத்துணை நீளம் கொள்ளும் என்பதும் அறியாமல் வாங்கினால் பணம் வீண். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்மாரும் அக்காள்மாரும் பெற்ற பழைய கணினிகள் வீடுகளில் தூங்குகின்றன அன்றோ? சுழலும் தட்டுடைய கணினிகளில் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி. மாட்டுதல் எளிது. அவ்வாறு மாட்டிய பழங்கணினி ஒன்று எம் விடுதியில் புதியதற்கு நாணம் விளைக்கும் விரைவோடு நடக்கின்றது.

உள்ளே வழியில்லையேல் வெளியே நாடுக. மெமரி கார்டுத் துளை இருந்தால் அதில் ஒரு கார்டை நிலையாக வைத்து, நூற்படங்களையும் அசைபடங்களையும் அங்கு மாற்றலாம். செயலிகளை அதில் நிறுவுதல் வேகத்தைக் கெடுக்கும். கார்டு வாங்குவோர் போலிகளுக்கு அஞ்சவேண்டும். 16 கிகாபைட்டே உள்ள கார்டு 256 என்று பொய்யுரைத்து விற்கப்படுவதுண்டு. நிறைந்தபின் எழுதுவன முன்னெழுதியவற்றை அழிக்கும், அல்லது காற்றிற் போகும். கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் நின்று நம்மை ஏய்க்கும். கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', 'எஃப்3' என்னும் இலவசச் செயலிகள் உள. வாங்கிய அன்றே, வெறுமையாய் இருக்கும்பொழுதே சோதித்துவிடுக. பென்டிரைவில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்றமுடியவில்லையாயின் அது பழுதன்று. 'ஃபேட்32' என்னும் ஏட்டுமுறையின் எல்லை அது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றினால் ஏற்கும். மாற்றுங்கால் உள்ளவை அழியும் என்பதை மறவற்க.

இணையவழிச் சேமிப்பில் கூகுள் 15 கிகாபைட்டும், மைக்ரோசாஃப்ட் 5 கிகாபைட்டும் இலவசமாய்த் தருகின்றன. இங்கும் ஓர் இடறுகல் உண்டு. கணினியும் இணையமும் ஒத்து நடக்குமாறு இணைக்கப்பட்ட உறையிலிருந்து ஒரு கோப்பை நீக்கினால், இணையத்திலிருந்தும் அது நீங்கும். "மேலே ஒரு பிரதி இருக்கின்றதே" என்று கீழே நீக்குவார், இரண்டையும் இழப்பர். கணினியில் மட்டும் இடம் வேண்டின், 'இடத்தை ஒழி' என்னும் கட்டளையே உரியது. அது பெயரை இங்கு வைத்து உடலை மேலே அனுப்பிவிடும்.

முதல் முதலாக 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தட்டுச் சேமிப்புக் கருவியை வெளியிட்டபொழுது, ஐம்பது தட்டுக்களும் ஒரு டன் அளவு எடையும் கொண்ட அப்பேருருவில் அடங்கியன ஐம்பது இலட்சம் குறிகளே. ஆச்சியார் முதலிற் பாடிய பதினொரு பாட்டுக்களை வைக்க அத்தகைய கருவிகள் பத்துக்கு மேல் வேண்டியிருந்திருக்கும். எம் விடுதிக் கூடம் கொள்ளாது. இன்று எஞ்சிய ஏழு பாட்டுக்களும் சுருக்கப்படாத ஒலியாய், முப்பத்தைந்து நிமிடம், இருநூறு மெகாபைட் அளவில், எம் கணினியில் 'ஆச்சி' என்னும் தனியுறையிலும், தமக்கையாரின் ஹார்ட் டிஸ்க்கிலும், இணையத்திலுமாக மூன்றிடத்தில் உள்ளன. மின்னூட்டத்தால் நினைவு வைக்கும் கார்டு ஆண்டுக்கணக்கில் மின்தொடர்பின்றிக் கிடந்தால் மறக்கவுங்கூடும் என்பதால், அதனை மட்டும் நம்பி எதனையும் வைத்தோமில்லை. நான்கு பாட்டின் முதலடிகளும் ஒரு குறிப்பேட்டில் மையால் எழுதப்பட்டுள்ளன. வாய்க்காற் பாட்டுக்கு மட்டும் முதலடியின்கீழ் இருபது வரிகள் வெறுமையாய் விட்டிருக்கின்றோம். ஆச்சியார் இடையிடையே ஒரு வயலின் பெயரை நினைந்து தொலைபேசியிற் சொல்லுகின்றார். இதுவரை ஆறு பெயர்கள் வந்துள்ளன.